திரையில் ‘காப்பீடு உண்டு’, அடிபட்டவருக்கு உண்டா?

வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால் போதும்; அதன் காப்பீடு எந்த நாள்வரை நடப்பில் உள்ளது என்பதை எம்பரிவாகன் செயலி கைப்பேசியிலேயே காட்டிவிடும். நெமிலிச் சாலையில் வண்டிகளை நிறுத்தும் காவலருக்கும் அந்தத் தரவே ஆதாரம். இருந்தும், நாட்டின் வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடின்றி இருப்பதை நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2024இல் சுட்டிக்காட்டியது. உடனே அபராதத்தைக் கூட்டச் சொல்வோர் பலர். இந்தச் சரிபார்ப்பு அடிபட்டவருக்கு எந்த அளவில் உதவுகிறது என்று கேட்போர் சிலரே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவில், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை விற்பனையின்போதே எடுத்தாக வேண்டும். நல்ல ஆணைதான். ஆனால் அப்படி விற்கப்பட்ட முதல் வண்டிகளின் ஐந்தாண்டு 2023இலேயே முடிந்துவிட்டது. அத்தகைய வண்டிகள் கைமாறிக் கைமாறி, தோல் பதனிடும் ஆலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் போகும் தொழிலாளரிடம் வந்து சேர்கின்றன. 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு, 2022 அறிவிக்கையின்படி ஆண்டுக்கட்டணம் 714 ரூபாய், வரி தனி. காப்பீடின்றிப் பிடிபட்டால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய். உண்மையான சுமை இந்த 2,000 அன்று. சேரியிலிருந்து வேலைக்கு நடந்து போனவர்மீது, அதே சேரியிலிருந்து வேலைக்கு வண்டியில் போனவர் மோதிவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் இலட்சங்களுக்கு வண்டிக்காரரே பொறுப்பு. அவரிடமிருந்து வாங்க எதுவும் இருக்காது. இரு குடும்பங்களும் சேர்ந்தே அழியும்.

காப்பீடு நடப்பில் இருந்தாலும் கதை முடிவதில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் கட்டட வேலைக்கும் நம் பெண்கள் ஏற்றிச் செல்லப்படுவது பெரும்பாலும் சரக்கு வண்டிகளில். அந்த வண்டியின் எண்ணைத் தட்டினால் ‘காப்பீடு உண்டு’ என்றே திரை சொல்லும். ஆனால் 147ஆம் பிரிவின் கட்டாயக் காப்பீடு, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் பொருந்தும். வெறும் பயணியாக ஏறியவருக்குப் பொருந்தாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. சில வழக்குகளில் ‘முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்’ என்று நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியதுண்டு. இரக்கத்தை உரிமையாகக் கணக்கிட முடியாது. இருசக்கர வண்டியின் பின்னிருக்கையிலும் இதே நிலை: அடிப்படையான மூன்றாம் நபர் காப்பீடு பின்னால் அமர்ந்தவரைக் காக்காது என்பது சுதாகரன் வழக்கின் 2008 தீர்ப்பு. செயலி காட்டும் தேதியிலிருந்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. ஆவணத்தையே வாங்கிப் படிக்க வேண்டும்.

அரசுப் பேருந்துகள் இன்னொரு விசித்திரம். அரசுக்கும் அதன் போக்குவரத்துக் கழகங்களுக்கும் காப்பீட்டிலிருந்து விலக்களிக்கச் சட்டமே வழிவைத்துள்ளது. இழப்பீடு தராததால் நீதிமன்ற ஊழியர்கள் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் உண்டா?

விபத்துக்குப் பிறகான சரிபார்ப்புக்குத்தான் நாம் காவல்நிலையத்தில் நிற்க வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புலனாய்வு அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். காப்பீட்டு விவரமும் அவற்றில் அடங்கும். காப்பீடில்லாத வண்டியை, உரிமையாளர் போதிய பிணையம் தராமல் விடுவிக்கக் கூடாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், இறப்புக்கு 2 இலட்சமும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் பெற 161ஆம் பிரிவின் திட்டம் உண்டு. ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டறிய முடியாவிட்டால் இத்திட்டத்தைப் பற்றிக் காவல்துறை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 2019 திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்துள்ளது. வழக்குத் தரகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் உரிமை 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே உள்ளது.

நெமிலி வட்டத்தின் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் மதிப்பிலான டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அருகிலேயே தோலல்லாத காலணித் தொழிற்சாலையும் வருகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் விடியுமுன் வேன் ஏறுவார்கள். ஒப்பந்த வேன் ஒவ்வொன்றின் அனுமதிச் சான்றையும், பயணிகளுக்கும் பொருந்தும் காப்பீட்டு ஆவணத்தையும் ஆலை வாயிலில் தமிழில் ஒட்டி வைக்கத் தொழிற்சங்கங்கள் இப்போதே கோர வேண்டும். வயலுக்கு ஆளேற்றும் மினி லாரியை மறிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், ஓட்டுநரிடம் அபராதம் வாங்கிக்கொண்டு அதே வண்டியில் பெண்களை அனுப்பிவைக்கக் கூடாது. அந்த வண்டியை ஏற்பாடு செய்தவர் யார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.