பாட்டு இருக்கிறது, விளம்பரம் எங்கே?

கரிசல் காடு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது தூத்துக்குடி மாவட்டத்தின் குளத்தூர். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கை. மீடியம் வேவ் அலை நிலத்தைவிட உப்புநீரின் மேல் வலுக்குறையாமல் நெடுந்தூரம் போகும். அதனால்தான் 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்த பிறகும் இந்தக் கரையோரத்து டீக்கடைகளில் கொழும்பின் குரல் ஓயவில்லை.

அந்தக் குரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை வானொலி 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல்களுக்குக் கடிவாளம் போட்டார். நேயர்கள் கொழும்புக்குப் போனார்கள். அவர்களைத் தேடி வியாபாரிகளும் போனார்கள். விவித பாரதி 1957இல் வந்தாலும், அதில் விளம்பரம் நுழைந்தது 1967இல்தான். தமிழ் வானொலி விளம்பரத்தின் முதல் அத்தியாயம் கொழும்பில் எழுதப்பட்டது இப்படித்தான்.

மதுரையின் கோபால் பல்பொடி விளம்பரத்தை ஐம்பது வயது கடந்தவர்கள் இன்றும் ராகம் மாறாமல் சொல்வார்கள், அது விற்கும் நாடுகளின் பட்டியலோடு சேர்த்து. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நீளும் அந்தப் பட்டியல், தமிழர்கள் பிழைக்கப் போன தேசங்களின் வரைபடமும்தான். மதுரைச் சரக்கு எந்தெந்தத் துறைமுகம்வரை போனது, எந்த வீட்டுச் செலவில் பல்பொடிக்கு இடம் கிடைத்தது என்பதையெல்லாம் அந்தச் சில நொடிகளில் படிக்கலாம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று வரிசையாக வந்த அறிவிப்பாளர்கள் தமிழை எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கும் இத்தகைய விளம்பரங்கள் சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சி கலைந்துகொண்டிருக்கிறது.

பாடலுக்கு இசைத்தட்டு இருந்தது. நாடகத்துக்குக் கையெழுத்துப் பிரதி இருந்தது. விளம்பரங்களில் பலவற்றை அறிவிப்பாளர் நேரலையில் வாசித்துவிட்டுத் தாளை ஓரம் வைத்தார். பதிவானவையும் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பயனற்றுப்போயின; நாடா விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து மேலே பதிவது உலகெங்கும் வானொலிகளின் வழக்கமாக இருந்தது. வீட்டில் வானொலியும் கேசட் ரெக்கார்டரும் இணைந்த டூ-இன்-ஒன் வந்ததும் நேயரும் விளம்பரத்தை ஒதுக்கினார். பாட்டு முடிந்ததும் பாஸ் பட்டனை அழுத்தினார், விளம்பரம் ஓடி முடிந்ததும் விடுவித்தார். எது வேண்டாமென்று ஒதுக்கினோமோ, இன்று அதைத்தான் தேடுகிறோம்.

பட்டனை அழுத்தக் கை தாமதித்த இடங்களில் மட்டும் சில தப்பியிருக்கின்றன. ஒரு பாட்டின் கடைசி வரிக்குப் பின் பாதி விளம்பரம், ஒரு நேர அறிவிப்பு, அடுத்த படத்தின் பெயர். அந்த கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. வெயிலும் ஈரமும் நாடாவின் காந்தப் பூச்சை உதிர்க்கின்றன, பூஞ்சை பிடிக்கிறது, ஓட்டிப்பார்க்கும் கருவியோ பழுதுபார்ப்பவர் இல்லாமல் நிற்கிறது.

மேடையில் பழைய விளம்பரங்களைப் பாடிக்காட்டிக் கைதட்டல் வாங்குவது ஏக்கத்தைத் தீர்க்கும், வரலாற்றைக் காக்காது. அமெரிக்காவில் வானொலிப் பதிவுகளைத் தேடிக் காக்க 2014இல் தனிப் பணிக்குழுவே அமைத்தார்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்காக 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. கடலுக்கு இந்தப் பக்கமும் இது முடியும்.

தூத்துக்குடி மாவட்ட நூலகமும் கோவில்பட்டிக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளும் கூடி, குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் வீடுகளிலிருந்து கேசட்டுகளை இரவல் வாங்க வேண்டும். பாட்டை மட்டும் வெட்டியெடுக்காமல், நாடாவின் இரு பக்கத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை, சுருக்கப்படாத கோப்பாக எண்மமாக்க வேண்டும். எந்த வருடம், எந்த ஊரில், யார் பதிந்தது என்பதைக் கொடுப்பவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். ஐம்பதுகளின் பதிவுகளுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. மற்றவற்றை நூலகத்துக்குள் கேட்கத் தரலாம். பதிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.