ஒலி தணிப்பானும் தோட்டாவின் பெயரும்

'சைலன்சர்' என்றவுடன் நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயே நினைவுக்கு வரும். அது தவறன்று. துப்பாக்கிக்கென ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்னும் அமெரிக்கர் 1909-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருவியும் செயல்முறையில் அதற்கு நெருங்கிய உறவினதே. குழலின் வாயிலிருந்து பாயும் வெப்ப வாயுவைத் தடுப்புத் தகடுகளுக்கிடையே உள்ள அறைகளில் விரியவும் ஆறவும் விட்டு, மெல்ல வெளியேற்றுவது அதன் தொழில். பெயர்தான் சற்று மிகை. 160 டெசிபெல்லைக் கடந்து ஒலிக்கும் ரைபிளின் வெடியோசையை அது ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபெல் வரையே குறைக்கிறது. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையை அது தணிப்பதே இல்லை.

நம் நாட்டில் இது கடையில் வாங்கக்கூடிய பொருளன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஓசையையோ சுடரையோ குறைக்க அமைந்த துணைக்கருவியையும் 'துப்பாக்கி' என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கியுள்ளது. ஆதலின் ஆயுதங்களைக் கையாளும் பணியாளருக்கே இவ்வாராய்ச்சி நேரடியாகப் பயன்படும். ஆயினும் இதில் அடங்கியுள்ள பௌதிகம் ஆசிரியர்க்கும் உரியது என்பது என் கருத்து.

ஒலி தணிப்பானைத் தேர்வதில் நேரும் பெரும்பிழை, காலிபர் என்னும் எண்ணை அளவென்று கொள்வதே. அது பெரும்பாலும் பெயர். வீட்டுக் குழாயை எண்ணிப் பாருங்கள். அரை அங்குலக் குழாய் என்று நாம் வாங்குவதன் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், அரை அங்குலமோ 12.7 மில்லிமீட்டர்தான். துப்பாக்கியிலும் இதே நிலை. 7.62 என்பது குழலுக்குள் சுழல்வரி வெட்டுவதற்கு முன்னுள்ள துளையின் விட்டம். குண்டு அவ்வரிகளிலும் இறுகப் பொருந்த வேண்டியிருப்பதால் அதனினும் பருத்தது. எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 குண்டு 7.82 மில்லிமீட்டர் விட்டமுடையது, ஏ.கே. வகை ரைபிளின் குண்டும் 7.62 என்றே வழங்கினும் ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர். பழைய .303 குண்டும் அவ்வளவே. பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிது என்று கேட்கலாம். தணிப்பானின் துளைக்கும் குண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்தான். திருகு மரை சிறிது சாய்ந்து, குழலின் அச்சும் தணிப்பானின் அச்சும் விலகியிருந்தால் அவ்விடைவெளி குறைந்துவிடும். குண்டு தகட்டை உரசினால் முதலில் குறி தவறும். நேரே மோதினால் உறை பிளந்து சிதறும். சுடுபவரின் முன்கை இருப்பதோ அதற்குச் சற்றுப் பின்னே.

இனி, துளை சரியாயிருந்தால் போதுமா? போதாது. இதற்குத் தேசிய மாணவர் படையில் பயின்றோர் அறிந்த .22 ரைபிளே நல்ல சான்று. அதன் குண்டும் இன்சாஸ் ரைபிளின் 5.56 குண்டும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 5.7 மில்லிமீட்டரை ஒட்டியவை. ஆனால் .22 குண்டு சுமார் 2.6 கிராம் எடையுடன் விநாடிக்கு 330 மீட்டர் அளவில் செல்வது. மற்றையது சுமார் 4 கிராம் எடையுடன் 900 மீட்டர் வேகத்தில் பாய்வது. எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால், இயக்க ஆற்றல் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுவதை மாணவரே கணக்கிட்டுக் காண்பர். பின்தள்ளும் வாயுவின் அழுத்தமும் அளவும் அதற்கேற்ப மிகுதி. .22-க்கென மெல்லிய அலுமினியத்தில் செய்த தணிப்பானின் வழியே 5.56 குண்டு தடையின்றிப் போகும்; தணிப்பான் தாங்காது. பொருந்துகிறதே என்று நம்பி மாட்டுவதினும் பெரிய ஆபத்து இத்துறையில் வேறில்லை.

மாறாக, பெரிய துளையுடைய தணிப்பானைச் சிறிய குண்டுக்குப் பயன்படுத்துவதில், அத்தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் உறுதி அதற்கிருந்தால், தீங்கில்லை. ஓசை சற்றுக் குறைவாகத் தணியும், அவ்வளவே. குழலின் நீளத்தையும் மறத்தலாகாது. குறுகிய குழலில் வாயு விரிய இடமின்மையால், வாயில் எஞ்சும் அழுத்தம் மிகும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழல் குறைந்தது இத்தனை நீளம் இருத்தல் வேண்டும் எனத் தயாரிப்பாளர் குறிப்பது இதனாலேயே.

ஆதலின் ஆயுதக் காப்பறையின் பதிவேட்டில் 'காலிபர்' என்று ஒரே கட்டம் இருப்பது போதாது என்பேன். குண்டின் மெய்யான விட்டம், தோட்டாவின் முழுப்பெயர், குழலின் நீளம், தணிப்பான் தாங்கும் தோட்டா வகை ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். தணிப்பானைத் திருகியபின், துப்பாக்கி வெறுமையாயிருப்பதை உறுதி செய்துகொண்டு, நேரான அளவுக்கோலைக் குழலின் வழியே செலுத்தி, தணிப்பானின் துளை நடுவே அது நிற்கிறதா என்று பயிற்சி பெற்ற படைக்கலப் பணியாளர் பார்த்தறிய ஐந்து நிமிடமும் ஆகாது. அவர் கையொப்பத்துக்கு ஐந்தாவதாக ஒரு கட்டம் விடலாம்.