கூண்டு ஏறிக் குதிப்பதற்கல்ல

சின்னமனூர்த் தெருக்களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு அடுக்கி விளையாடிய பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று அடித்துச் சொன்ன தலைமுறை அது. கேபிள் டிவியில் மல்யுத்தக் கூண்டுச் சண்டை ஓடினால் வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கும். அந்தக் கூண்டு எதற்காக வந்தது என்பதை அதைக் கட்டியவர்களே மறந்துபோனதுதான் வருத்தம்.

1937 ஜூன் 25. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜாக் புளூம்ஃபீல்டும் கவுன்ட் பெட்ரோ ரோசியும் மோதிய மேடையைச் சுற்றிக் கோழிவலை கட்டினார்கள். உள்ளே இருப்பவன் ஓடக் கூடாது, வெளியாள் உள்ளே புகக் கூடாது. டிக்கெட் வாங்கியவனுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

பின்னாளில் வலை போய் இரும்புக் கம்பி வந்தது. அந்தக் கம்பிக்குள் நடந்தவற்றில் தலைசிறந்தது 1994 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பிரெட் ஹார்ட், ஓவன் ஹார்ட் மோதிய ஆட்டம். இருவரும் உடன்பிறந்தவர்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ரத்தம் இல்லை. யார் முதலில் வெளியேறுவது என்ற போட்டி மட்டும்தான். கடைசியில் தம்பி ஓவனின் கால் கம்பியில் சிக்கித் தலைகீழாகத் தொங்க, அண்ணன் தரையில் கால் வைத்து வென்றார். கூண்டே முடிவைச் சொன்னது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் மல்யுத்த வீரர் மிக் ஃபோலி சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே மேசைமேல் எறியப்பட்டார். மீண்டும் ஏறியவர், கூண்டின் கூரை பிய்ந்து மேடையில் விழுந்தார். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்த உடம்பு பட்ட அடி நிஜம். 35 வயது நிறையும் முன்பே முழுநேர மல்யுத்தத்தை விட்டார். உயரத்தின் மோகம் கூண்டோடும் நிற்கவில்லை. ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வேடிக்கைக்காக ஏற்றப்பட்டு, விழுந்து இறந்தார். ஒரு நுழைவுக் காட்சிக்காகப் போன உயிர் அது.

இந்தியப் பெயரில் வந்த கூண்டும் உண்டு. மல்யுத்த வீரர் கிரேட் காளிக்காக 2006இல் உருவான 'பஞ்சாபி பிரிசன்': 16 அடியில் ஒன்று, அதைச் சுற்றி 20 அடியில் இன்னொன்று, இரண்டும் மூங்கில். காளியே முதல் ஆட்டத்தில் இறங்க முடியாமல் போய், அவருக்குப் பதிலாக பிக் ஷோ என்ற வீரர் இறங்கினார். மூங்கில் அடர்த்தியில் உள்ளே நடப்பது சரியாகத் தெரியவில்லை. 2017இல் ராண்டி ஆர்ட்டனை ஜிந்தர் மஹால் வென்றதோ வெளியிலிருந்து வந்த காளியின் உதவியால்! வெளியாளைத் தடுக்கத்தானே கூண்டு?

மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. 2023 செப்டம்பரில் ஹைதராபாத் வரை வந்தது. அடுத்த முறை தென்னாட்டுக்குக் கூண்டைக் கொண்டுவருவதானால் மூங்கிலும் வேண்டாம், 20 அடியும் வேண்டாம். ஓர் ஆள் எட்டி ஏறும் அளவுக்குக் கம்பி, உண்மையாகவே பூட்டிய கதவு, சண்டை தெரிந்த இரண்டு பேர் போதும்.