பேரேடு யார் கையில்? பரவலாக்கப்பட்ட நிதியும் கூட்டுறவின் பாடமும்

2016 நவம்பர் 18 அன்று திருவனந்தபுரத்தில் இந்திய ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகத்தின் முன்பாகக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் அமைச்சர்களும் சத்தியாகிரகம் அமர்ந்தனர். ஒரு மாநில அரசே ரிசர்வ் வங்கியின் வாசலில் அமர நேர்ந்ததற்குக் காரணம், அதற்கு நான்கு நாட்களுக்கு முன் வெளியான ஒரு சுற்றறிக்கை. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டது. பழைய நோட்டுகளைப் பெறவோ மாற்றவோ மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கு அனுமதியில்லை என நவம்பர் 14 அன்று உத்தரவிடப்பட்டது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அப்போது கணக்கு வைத்திருந்ததோ அந்த மாவட்ட வங்கிகளில்தான். ஒரே உத்தரவில் கிராமத்தின் பணப்புழக்கம் நின்றுபோனது. அஞ்சுதெங்கில் கயிறு திரித்தவரும், பூந்துறையில் மீன் விற்றவரும், தாம் சேர்த்து வைத்த பணத்தைத் தொட முடியாமல் நின்றனர். நவம்பர் 22 அன்று கூடிய கேரள சட்டமன்றம், பாரதிய ஜனதாவின் ஒரே உறுப்பினரைத் தவிர ஏனைய அனைவரின் ஆதரவோடும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஏறத்தாழ அதே காலத்தில், உலகின் தொழில்நுட்ப வட்டாரங்களில் வேறொரு முழக்கம் வலுப்பெற்று வந்தது. வங்கி வேண்டாம், அரசு வேண்டாம், இடைத்தரகர் எவரும் வேண்டாம்; கணினி வலைப்பின்னலில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேடு இருந்தால் போதும் என்றது அந்த முழக்கம். பின்னர் அதற்குப் ‘பரவலாக்கப்பட்ட நிதி’ என்று பெயர் வந்தது. திருவனந்தபுரத்துக்கு அதுவும் அந்நியமானதல்ல. பிளாக்செயின் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கவென்று 2017இல் அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் கேரள பிளாக்செயின் அகாடமி தொடங்கப்பட்டது இந்த நகரில்தான்.

பணத்தின் அதிகாரம் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்ற கோரிக்கை நியாயமானது. 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியில் பெருவங்கிகளை மக்கள் வரிப்பணத்தால் மீட்ட அரசுகள், வீடிழந்த குடும்பங்களைக் கைவிட்டன. அந்தக் கோபத்தின் சூட்டில்தான் 2009 ஜனவரியில் பிட்காயின் பிறந்தது. கோபம் உண்மையானது. அதற்குத் தரப்பட்ட விடை உண்மையானதா என்பதே கேள்வி.

வாக்கை விலைக்கு வாங்கும் ஜனநாயகம்

பரவலாக்கப்பட்ட நிதித் திட்டங்களில் வங்கி மேலாளரின் இடத்தை ஒரு நிரல் பிடித்துக்கொள்கிறது. கடன் தருவதும், வட்டி கணக்கிடுவதும், ஈட்டை விற்பதும் அந்த நிரலே. விதிகளை மாற்ற வேண்டுமானால் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிக்கிறார்கள். கேட்பதற்கு ஜனநாயகமாக ஒலிக்கும் இந்த ஏற்பாட்டில் வாக்கு மனிதருக்கு அல்ல, டோக்கனுக்கு. நூறு டோக்கன் வைத்திருப்பவருக்கு நூறு வாக்கு; பத்து லட்சம் வைத்திருப்பவருக்குப் பத்து லட்சம் வாக்கு. பங்குச் சந்தை நிறுவனத்தின் பழைய விதி புதிய சட்டை அணிந்து வந்திருக்கிறது, அவ்வளவே.

அதன் விளைவை 2022 ஏப்ரலில் ‘பீன்ஸ்டாக்’ என்ற திட்டத்தில் உலகம் கண்டது. ஒருவர் சில நொடிகளுக்கு மட்டும் பெருந்தொகையைக் கடனாக வாங்கினார். அதைக் கொண்டு வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கைக் கைப்பற்றினார். திட்டத்தின் நிதியைத் தமக்கே மாற்றிக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றினார். கடனைத் திருப்பிச் செலுத்திவிட்டு மறைந்தார். திட்டம் இழந்தது சுமார் 18 கோடி டாலர். நிரலின் விதிப்படி பார்த்தால் அங்கே நடந்தது ஒரு வாக்கெடுப்பு.

‘நிரலே சட்டம்’ என்ற முழக்கத்தின் கதையும் இதுவே. 2016இல் எத்தீரியம் வலைப்பின்னலில் ‘தி டாவ்’ என்ற கூட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் நாணயங்கள் கறந்தெடுக்கப்பட்டன. யாராலும் மாற்ற முடியாதது எனப் போற்றப்பட்ட பேரேட்டின் போக்கு, அந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக ஜூலை மாதத்தில் மாற்றப்பட்டது. மாற்ற மறுத்த சிறுபான்மையினர் பழைய பேரேட்டோடு தனியே பிரிந்தனர். நெருக்கடி வந்ததும் மனிதர்கள் கூடித்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் யார் கூட வேண்டும், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அங்கே வரையறுத்த விதி எதுவும் இருக்கவில்லை.

2022 மே மாதத்தில் டெர்ரா-லூனா சரிந்தபோது சில நாட்களில் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு ஆவியானது. அதில் பணம் போட்டவர்களை ஈர்த்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி என்ற வாக்குறுதி. ஆருத்ரா கோல்டு நிறுவனத்திடம் ஏமாந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் தெரியாது. உற்பத்தியில் வேரில்லாத வட்டி, அடுத்து வருபவரின் பணத்திலிருந்துதான் வர முடியும். அடுத்தவர் வராத நாளில் அது நின்றுவிடும்.

இந்தியாவில் நிலைமை மேலும் விசித்திரமானது. 2022 முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி விதிக்கும் ஒன்றிய அரசு, அதில் பணம் போட்டவரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் பரிவர்த்தனைத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து திருடப்பட்டபோது, இந்திய வாடிக்கையாளர்களின் தலைவிதி சிங்கப்பூர் நீதிமன்றத்தில் முடிவு செய்யப்பட்டது. வரி வாங்க அரசு இருந்தது. வாசலில் போய் அமர ஓர் அலுவலகம்கூட அவர்களுக்கு இல்லை.

திருவிதாங்கூர் கற்ற பாடம்

நம்பிக்கையை மட்டும் மூலதனமாகக் கொண்ட நிதி எப்படிக் கவிழும் என்பதை இந்த மண் முன்பே அறியும். 1937இல் இரண்டு வங்கிகளை இணைத்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, அடுத்த ஆண்டே கதவடைத்தது. அன்றைய திவான் சி.பி.ராமசாமி அய்யரின் அரசியல் பகை அந்த வீழ்ச்சியில் பேசப்பட்டது. பணமிழந்த சேமிப்பாளருக்கு அந்த விவாதத்தால் பயனேதும் இல்லை. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, சேமிப்பாளர்களின் கண்ணீர் நாடாளுமன்றம் வரை எட்டியது. அதன் தொடர்ச்சியாகவே 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. இன்று வங்கி வைப்பில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் பாதுகாப்பின் பின்னால், கேரளத்தின் அந்த இழப்பு இருக்கிறது. நீடித்து நிற்கும் நிதி அமைப்பு எதுவும் பொதுப் பொறுப்பிலிருந்து விலகி நின்றதில்லை என்பதே அது தரும் பாடம்.

ஒரு மனிதர், ஒரு வாக்கு

பரவலாக்கப்பட்ட நிதி என்ற பெயருக்கு உண்மையில் தகுதியான ஓர் அமைப்பு நூற்றாண்டுக்கும் மேலாக நம்மிடையே உண்டு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தொடங்கிய கடன் சங்கம் சென்னை மாகாணத்தின் முன்னோடி. கந்துவட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிக்கு, அக்கம்பக்கத்தாரின் சேமிப்பே கடனாகத் திரும்பி வந்தது. அதன் அடிப்படை விதி எளியது: பங்கு எத்தனை இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். கோடி ரூபாய் கொண்டு வந்தாலும் அந்த ஒரு வாக்கு இரண்டாகாது.

கேரளத்தில் அந்த விதை மரமாக வளர்ந்தது. சுமார் 1,600 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஊர்தோறும் இயங்குகின்றன. கூட்டுறவுத் துறையின் வைப்புத்தொகை இரண்டு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. முதியோர், விதவையர், விவசாயத் தொழிலாளர் ஆகியோரின் நலஓய்வூதியத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் இச்சங்கங்களின் ஊழியர்கள். ஒன்றிய அரசு மாநிலத்தின் கடன் வரம்பை நெரித்த ஆண்டுகளில், அந்த ஓய்வூதியம் நின்றுவிடாமல் இருக்க நிதி திரட்டித் தந்ததும் சங்கங்களின் கூட்டமைப்பே. வடகரையில் 1925இல் தோன்றிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், நூறு ஆண்டுகளைக் கடந்து சாலையும் பாலமும் கட்டுகிறது. தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் நடத்துகிறது. டோக்கன் திட்டங்களின் ஆயுளோ பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் எண்ணப்படுகிறது.

தில்லியின் கை

இந்த வலைப்பின்னல் ஒன்றிய ஆட்சியாளரின் கண்ணை உறுத்துவதில் வியப்பில்லை. 2016இல் கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் கறுப்புப் பணத்தின் கிடங்குகள் என்று பாஜக தலைவர்கள் குற்றம்சாட்டினர். 2020இல் திருத்தப்பட்ட வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், கூட்டுறவு வங்கிகளின் நிர்வாகக் குழுவைக் கலைக்கும் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தை விரிவாக்கியது. பங்குகளை வெளியிட்டு மூலதனம் திரட்டும் வழியையும் திறந்தது. ஒரு மனிதர், ஒரு வாக்கு என்ற கோட்டையில் பணத்தின் எடைக்கு வைக்கப்பட்ட வாசல் அது. 2021 ஜூலையில் ஒன்றியக் கூட்டுறவு அமைச்சகம் உருவாகி, உள்துறை அமைச்சர் அமித் ஷாவிடமே ஒப்படைக்கப்பட்டது. அதே மாதம் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 97ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பிரிவுகள் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. கூட்டுறவு மாநிலப் பட்டியலுக்கு உரியது என்பதை அத்தீர்ப்பு உறுதிசெய்தது. இருந்தும் நவம்பரில் ரிசர்வ் வங்கி, சங்கங்கள் ‘வங்கி’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கும் உறுப்பினரல்லாதோரிடம் வைப்புப் பெறுவதற்கும் எதிராகப் பொதுமக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது.

கிரிப்டோ சந்தையை வரி வசூலுக்கு மட்டும் கண்டுகொள்ளும் அதிகாரம், கிராமத்தின் கடன் சங்கத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. இந்தப் பாரபட்சத்தை எதிர்ப்பது கடமை.

வீட்டுக்குள் இருக்கும் ஓட்டை

எதிரியைச் சுட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் சேவைக் கூட்டுறவு வங்கியில் போலிக் கடன்கள் வழியாக நூறு கோடி ரூபாய்க்கும் மேல் சுருட்டப்பட்டது 2021இல் அம்பலமானது. சிகிச்சைச் செலவுக்குக்கூடத் தங்கள் சொந்த வைப்பைப் பெற முடியவில்லை என்று, உறவினரை இழந்த குடும்பத்தார் குமுறினர். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கண்டலா சேவைக் கூட்டுறவு வங்கியின் முறைகேடு 2023இல் வெடித்தது. அவ்வங்கியை நீண்டகாலம் தலைமையேற்று நடத்தியவர் இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்தவர். அமலாக்கத் துறையின் சோதனைக்குப் பிறகே கட்சி அவரை நீக்கியது.

அமலாக்கத் துறை எதிர்க்கட்சிகளை வேட்டையாடும் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது உண்மை. அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இந்த உண்மையை மறைக்க முடியாது. கருவன்னூரில் பணம் போட்டவர் பெருமுதலாளி அல்லர். செங்கொடியை நம்பித்தான் பலர் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அந்தச் சங்கத்தில் வைத்தனர். அவர்களது நம்பிக்கையைத் திருடியவர், ஒரு வங்கியை மட்டும் கொள்ளையடிக்கவில்லை. நூறாண்டு இயக்கத்தின் பெயரையும் கொள்ளையடித்தார். ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு என்ற விதி ஏட்டில் இருந்தும், பொதுப்பேரவை கைதட்டிக் கலையும் சடங்காகவும், ஒரே ஆள் பல்லாண்டு தலைவராகவும், தணிக்கையாளர் தலைவரின் தேநீர்த் தோழராகவும் மாறிய இடத்தில்தான் இந்தக் களவு நடந்தது. அங்கேயும் அதிகாரம் பரவலாக இருப்பதாகவே சொல்லப்பட்டது.

2023 செப்டம்பரில் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய கூட்டுறவுத் திருத்தச் சட்டம் சரியான திசையில் எடுத்த அடி. ஒருவரே தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கடன் சங்க நிர்வாகக் குழுவில் இடம்பெறுவதற்குத் தடை, தனியொரு தணிக்கையாளருக்குப் பதிலாகக் குழுத் தணிக்கை ஆகியவை அதில் உள்ளன. ஆனால் சட்டம் காகிதத்தில் இருப்பது போதாது. கருவன்னூருக்கு முன்பும் சட்டம் இருக்கத்தான் செய்தது.

நிலைத்து நிற்பது எது?

மக்களின் சேமிப்பு தலைமுறைகள் தாண்டி நிலைக்க மூன்று தூண்கள் வேண்டும். பணத்துக்கு அல்லாமல் மனிதருக்கு வாக்கு. உறுப்பினர் எவரும் திறந்து பார்க்கக்கூடிய கணக்கு. இடர் வரும்போது பொறுப்பேற்கும் பொது உத்தரவாதம். டோக்கன் நிதியில் இரண்டாவது தூண் உண்டு, முதலும் மூன்றும் இல்லை. கூட்டுறவில் முதலாவது உண்டு; மூன்றாவது, மாநிலத்தின் வைப்பு உத்தரவாத நிதியம் வழியாக ஓரளவு உண்டு; இரண்டாவதைத்தான் கருவன்னூரும் கண்டலாவும் உடைத்தன.

ஆகவே புதிய தொழில்நுட்பத்தைப் பழிப்பதில் பொருளில்லை. அழிக்க முடியாத, பின்தேதியிட முடியாத பேரேடு என்பது, போலிக் கடன் பதிவுக்கு எதிரான நல்ல ஆயுதம். அதைச் சூதாட்டச் சந்தையிடமிருந்து மீட்டுச் சங்கத்தின் மேசைக்குக் கொண்டுவர முடியும். அதற்கான நிபுணர்களை உருவாக்கும் அகாடமியும், கூட்டுறவின் தலைமை வங்கியான கேரள வங்கியும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. பெரிய கடன்கள் யாருக்கு, எந்த ஈட்டின் மேல் தரப்பட்டன என்பதைப் பொதுப்பேரவையின் முன் ஆண்டுதோறும் வைப்பதற்கோ, எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. அரசியல் உறுதி போதும்.

2016 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் வாசலில் அமர்ந்தவர்கள், கிராமத்து உழைப்பாளியின் பணம் அவருக்கே உரியது என்று சொன்னார்கள். அந்தச் சொல்லைத் தில்லியை நோக்கி உரக்கச் சொல்லும் உரிமை, அதே சொல்லைத் தன் சொந்தச் சங்கத்தின் கணக்கறையிலும் சொல்லத் துணிந்த இயக்கத்துக்கே உண்டு.