தேவதைகளின் பங்கு

கென்டக்கி சென்று திரும்பியோர் எழுதும் பயணக் கட்டுரைகளில் எல்லாம் இருக்கின்றன: பர்கூ குழம்பின் ருசி, பர்பன் விஸ்கிக்கு வேண்டிய 51 சதவீத மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய், அதிலிருந்து ஆவியாகிப்போகும் ‘தேவதைகளின் பங்கு’. பர்பனின் தந்தையென எலைஜா கிரெய்க் பாதிரியாரும் தவறாமல் வருகிறார். அது ஆதாரமற்ற கதை என்பதும், அவர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் என்பதும் வருவதில்லை. 1865இல் அடிமைமுறை ஒழியும்வரை அம்மாநிலத்து வடிசாலைகளில் அடிமைகளும் உழைத்தனர். காற்றில் கரைந்ததற்கே பங்கு எழுதுவோர், உழைத்த கைகளுக்கு ஒரு வரி ஒதுக்கலாகாதா? நாங்களும் அங்கே உண்டோம், பருகினோம், ருசிப்பது குற்றமன்று. வழிகாட்டி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது இலக்கியமன்று, விளம்பரம்.