நண்டு வளையும் பாடப்புத்தகமும்

தொடக்கப்பள்ளிச் சூழ்நிலையியல் பாடத்துக்கு அரசே இலக்கு வைத்திருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2017இல் வெளியிட்ட ‘கற்றல் விளைவுகள்’ பட்டியல் என்ன சொல்கிறது? மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன்னைச் சுற்றியுள்ள செடிகொடிகளின் இலையை, அடிமரத்தை, பட்டையை அடையாளம் காண வேண்டும். விலங்கும் பறவையும் எங்கே இருக்கின்றன, என்ன தின்கின்றன, எப்படிக் குரல் கொடுக்கின்றன என்று சொல்ல வேண்டும். நல்ல இலக்குதான். என் கேள்வி ஒன்றுதான் தோழர்களே: அந்தச் ‘சுற்றுப்புறம்’ யாருடைய சுற்றுப்புறம்?

தாடிக்கொம்பு, அகரம் பக்கம் குடகனாற்றை ஒட்டிய வயக்காட்டுக்கு எந்தச் சேரிப் பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வளை வாயில் ஈரமண் புதுசாத் தள்ளிக் கிடந்தா நண்டு உள்ளே இருக்கு என்று சொல்லும். வரப்பு எலி நெல்லை எந்த அறையில் சேர்த்து வைக்கும் என்று காட்டும். தூக்கணாங்குருவி பெரும்பாலும் மேகாத்து அடிக்காத பக்கமாப் பாத்துத்தான் கூடு கட்டும் என்று விளக்கும். வாழிடம், உணவு, தகவமைப்பு என்று புத்தகம் மூன்று தலைப்புப் போட்டு நடத்துவது இதைத்தான். அம்மாவோடு களையெடுக்கப் போன பிள்ளை இதைக் கண்ணால் படித்திருக்கிறது.

ஆனால் வகுப்பறையில் என்ன நடக்கிறது? “நத்தை எங்க வசிக்கும்?” என்று கேட்டால் சேரிப் பிள்ளைக்குப் பதில் தெரியும். வயலில் பொறுக்கியதும் வீட்டில் ஆக்கித் தின்றதும் தெரியும். சொன்னால் ஊர்த்தெருப் பிள்ளை மூக்கைப் பொத்தும். தெரிந்ததைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்கிற இடத்தில் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பரீட்சையில் ‘தாமரை குளத்தில் வாழும்’ என்று எழுதி மார்க் வாங்குகிறது. வாங்காத பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பட்டம். இலக்கை எட்டாதது பிள்ளையா, பள்ளிக்கூடமா?

திண்டுக்கல்காரர்களுக்குப் புரியும்படி இன்னொன்று சொல்கிறேன். ஆவாரஞ்செடியின் பயன் என்ன என்று கேட்டால், பூ மருந்துக்கு ஆகும் என்று எழுதச் சொல்வார்கள். ஆவாரம்பட்டைதான் தென்னாட்டில் நெடுங்காலம் தோல் பதனிடப் பயன்பட்டது என்பதை யார் சொல்லித் தருவது? அது நம்ம சனங்களின் கையும் மூக்கும் அறிந்த ரசாயனம். பட்டை போய் குரோமியம் வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தது. உச்சநீதிமன்றம் 1996இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு செடியில் தொடங்கினால் பாடம் இவ்வளவு தூரம் போகும்.

போகலாம் என்று அதே பட்டியலே இடம் கொடுக்கிறது. வளங்களைப் பெறுவதிலும் உடைமையாக்குவதிலும் உள்ள பாகுபாடு பற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. அப்படியானால் குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்பதோடு நிறுத்த முடியாது. குளத்தை ஏலம் எடுத்தவன் யார்? எந்தப் படித்துறையில் யார் இறங்கக் கூடாது? இதுவும் சூழ்நிலையியல்தான்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: “எலி பிடிக்கத் தெரிஞ்சதப் பெருமையாப் பேசினா நம்மள அங்கனயே நிப்பாட்டிர மாட்டானா?” நியாயமான பயம். 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த குலக்கல்வியை மறக்க முடியுமா? அதை எதிர்த்துப் போராடித்தான், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

செங்கல்பட்டுப் பக்கம் இருளர்களைப் பாருங்கள். 1978இல் அமைந்த அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் மலைப்பாம்பு பிடிக்க 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் மருந்து தயாரிக்கிற ஆய்வுக்கூடத்தில் எத்தனை இருளர் விஞ்ஞானிகள்? பாராட்டு பாம்புப் பானையோடு நின்றால் அதுவும் குலக்கல்விதான். நண்டு வளையில் தொடங்கும் படிப்பு நுண்ணோக்கி வரைக்கும் போக வேண்டும்.

மாலை வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. மழை பெய்து குளம் நிறைந்ததும் பிள்ளைகளோடு போங்கள். என்ன முளைக்கிறது, எது வளை தோண்டுகிறது, எது எதைத் தின்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பேரையே எழுதுங்கள். பக்கத்திலேயே புத்தகப் பேரையும் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெற்றோரோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், இதைப் பாடமாக நடத்து என்று கேளுங்கள். சலுகையாகக் கேட்க வேண்டாம். அரசு எழுதி வைத்த இலக்கைத்தான் கேட்கிறோம்.