தனித்தொகுதிக் கணக்கு

2008 மறுசீரமைப்பில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி போய், விழுப்புரம் தனித்தொகுதி வந்தது. திண்டிவனமும் வானூரும் அதற்குள் இருக்கும் தனிச் சட்டமன்றத் தொகுதிகள். பெயர்தான் தனி. வேட்பாளர்கள் எல்லோரும் தலித்துகள் என்றால், வெற்றியைத் தீர்மானிப்பது மற்ற சாதியினரின் ஊர்த்தெரு ஓட்டு. எல்லாச் சாதியினரும் சேர்ந்தே ஓட்டுப் போட வேண்டும் என்று 1932 பூனா ஒப்பந்தம் போட்டுவைத்த முடிச்சு இது. அதனால்தான் காலனிக்குள் நுழையும் பிரசார வேன் தெருவிளக்கு, தண்ணீர்க் குழாயோடு பேச்சை முடித்துக்கொள்கிறது. தலித்துகளுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பேசினால் ஊர்த்தெரு ஓட்டு என்னாவது?

இதே தொகுதியில் இருக்கும் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித்துகளுக்கு அடி விழுந்தது. ஜூனில் கோயிலுக்கே சீல். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொல்லித் திறந்தார்கள். பூசாரிக்கு மட்டும் அனுமதி. அடுத்த மாதமே வாக்குப்பதிவு. விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமார் பானைச் சின்னத்தில் ஜெயித்தார். தலித்துகள் போலீஸ் காவலோடு சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. இதற்கு ரவிக்குமாரை மட்டும் குடைவதில் நியாயமில்லை. ஊர்த்தெருவிலும் கிளை வைத்திருக்கும் இரண்டு கழகங்களும் தங்கள் ஆட்களிடம் என்ன பேசின என்பதைத்தான் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது காலனியில் கேட்க வேண்டும்.